கண்டத்தை விடுங்கள், நாட்டைச் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் அண்மையில் வந்த ஒரு செய்தியைப் பற்றி எழுதுகிறேன். மெக்சிக்கோவின் வட எல்லையில் பிடிபட்ட ஒரு கூட்டத்தைத் தலைப்பு "தென் அமெரிக்கர்" என்கிறது. உள்ளே படித்தால் அவர்கள் ஹொண்டூராஸ், குவாதமாலா நாடுகளில் இருந்து வந்தவர்கள். இரண்டும் மத்திய அமெரிக்க நாடுகள். மூன்றாம் பந்தியில் அதே ஆட்கள் "ஸ்பானியர்" ஆகிவிட்டார்கள். கடைசி வரியில் "லத்தீன் நாட்டவர்". லத்தீன் என்று ஒரு நாடு இருப்பதாக நான் அறியேன். ஒரே செய்திக்குள் ஒரே மனிதருக்கு மூன்று ஊர்!

உங்கள் பத்திரிகையில் மட்டும்தான் இப்படி என்று சொல்ல மாட்டேன். கொழும்புப் பேப்பர்களிலும் தமிழ்நாட்டுப் பேப்பர்களிலும் இதே கதைதான். ஆனால் காலையில் தேத்தண்ணியோடு நான் கையில் எடுப்பது உங்களுடையதை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் புவியியல் படிப்பித்தவன் இல்லை. பாசையூரில் பிறந்து, கப்பலுக்குப் போய், சீமனாக வேலை செய்து, முழங்கால் இனி முடியாது என்றதும் கரைக்கு வந்தவன். பிறேசிலின் சந்தோஸ், ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் அயர்ஸ், சிலியின் வல்பரைசோ, பெருவின் கய்யாவோ, எக்குவடோரின் குவயாகில் என்று அந்தப் பக்கத்துத் துறைமுகங்களில் கயிறு கட்டியிருக்கிறேன். அந்தக் கடல் எங்கள் ஆட்களுக்குப் புதிதும் அல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய "அன்னபூரணி" பாய்க்கப்பல் 1938இலேயே மசசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. ஓட்டிப்போனதில் வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் இருந்தார்கள்.

துறைமுகத்தில் ஆளின் நாட்டை மாற்றிச் சொன்னால் உடனே முகத்தில் தெரியும். கய்யாவோவில் சாமான் இறக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் எங்கள் கப்பலில் இருந்த பிலிப்பைன்ஸ் பெடியன் ஒருவன் "சிலிக்காரரா?" என்று கேட்டுவிட்டான். அன்று பொழுதுபடும் வரை அங்கே ஒருவரும் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. 1879இல் தொடங்கிய போரில் சிலிப் படை பெருவின் தலைநகர் லிமாவுக்குள் புகுந்து இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததாம். அதே போரில் பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. இன்றைக்கும் மார்ச் 23ஆம் திகதியை அவர்கள் கடல் நாளாக அனுட்டிக்கிறார்கள். கடல் இல்லாத அந்த நாட்டுக்குக் கடற்படையும் உண்டு, டிட்டிகாக்கா ஏரியில் ஓடித் திரிகிறது. இந்த மூன்று நாட்டவரையும் சேர்த்துத் "தென் அமெரிக்கர்" என்று போட்டால் வரைபடத்தின்படி பிழை இல்லை. ஆனால் எந்த நாட்டவர் என்று தெரிந்திருந்தும் அப்படிப் போடுவதைச் சோம்பல் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது "அமெரிக்கர்". பிடுங்குப்பாடு அதிகம் இந்தச் சொல்லில்தான். அமெரிகோ வெஸ்புச்சியின் பெயரை வைத்து "அமெரிக்கா" என்று முதலில் வரைபடத்தில் எழுதியவர் வால்ட்சீமுல்லர் என்ற ஜெர்மானியர். ஆண்டு 1507. அவர் அந்தப் பெயரை எழுதியது தெற்குப் பக்கத்தில், இன்றைக்குப் பிறேசில் இருக்கும் நிலத்தின் மேல். வடக்கையும் சேர்த்து அதே பெயரால் குறித்தது மேர்க்கேட்டரின் 1538ஆம் ஆண்டு வரைபடம். வாஷிங்டன் நகரம் உண்டாவதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்னரே தெற்கில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. "நாங்களும் அமெரிக்கர்தானே, அவர்கள் மட்டும் ஏன் அதை எடுத்துக்கொண்டார்கள்?" என்று புவனஸ் அயர்ஸில் கேட்டால் அது வீம்புக் கேள்வி இல்லை. அங்கே பள்ளிக்கூடங்களில் வடக்கும் தெற்கும் ஒரே கண்டம் என்றுதான் படிப்பிக்கிறார்கள். ஒலிம்பிக் கொடியில் ஐந்து வளையங்கள் இருப்பதும் அந்தக் கணக்கில்தான். எங்கள் பிள்ளைகள் ஏழு கண்டம் என்று பாடமாக்குகிறார்கள்.

ஸ்பானிய மொழியில் வாஷிங்டன்காரருக்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள், "எஸ்தாதோஉனிதென்சே" என்று. ஐக்கிய நாட்டுக்காரர் என்பது பொருள். அதிலும் ஒரு சிக்கல், மெக்சிக்கோவின் உத்தியோகபூர்வப் பெயரே "ஐக்கிய மெக்சிக்க நாடுகள்". தமிழில் இந்த வழி சரிவராது. எங்களுக்கு "ஐக்கிய நாடுகள்" என்றால் ஐ.நா. சபை. யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் ஜெனீவாதான் ஞாபகம் வரும்.

ஆகவே "அமெரிக்கர்" என்பதை விட்டுவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்கு இருநூறு வருடப் பழக்கம் இருக்கிறது. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து இறங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினறி, அடுத்த வருடம் உடுவிலில் பெண்கள் பாடசாலை, பிறகு மானிப்பாயில் கிறீன் வைத்தியர். அன்றிலிருந்து "அமெரிக்கன் மிஷன்" என்றால் எந்த நாட்டார் என்று எந்தக் கிழவிக்கும் தெரியும். இனிப் போய் அதை மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. கண்டமும் நாடும் ஒரே செய்தியில் வரும்போது மட்டும் "ஐக்கிய அமெரிக்கா" என்று முழுதாக எழுதுங்கள், போதும்.

அப்படி எழுதாததால் வந்த வினையை எங்கள் கோயில் முற்றத்திலேயே பார்த்தோம். 2013இல் ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த பிரான்சிஸ் பாப்பரசரானபோது "அமெரிக்கக் கண்டத்தின் முதலாவது பாப்பரசர்" என்று வாசித்தோம். 2025 மே மாதம் பதினான்காம் லியோ தெரிவானதும் "முதலாவது அமெரிக்கப் பாப்பரசர்" என்று வந்தது. பூசை முடிந்து நின்றவர்களுக்குள் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. "அப்ப பழையவர் எந்தக் கண்டம்?" என்று ஒருவர். "அவர் இத்தாலியர்தானே" என்று இன்னொருவர், ஏனென்றால் அவருடைய தகப்பன் இத்தாலியில் பிறந்தவர். உண்மையில் லியோ சிக்காகோவில் பிறந்தவர், பெருவில் பல வருடம் ஊழியம் செய்து, 2015இல் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்று, சிக்லாயோ மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர். தெரிவான அன்று மாடத்தில் நின்று சிக்லாயோ மக்களுக்கு ஸ்பானிய மொழியில் வாழ்த்துச் சொன்னார். "ஐக்கிய அமெரிக்காவில் பிறந்த முதலாவது பாப்பரசர், பெருவின் குடிமகனும்கூட" என்று எழுதியிருந்தால் கூடுதலாக அரை வரிதான் பிடித்திருக்கும்.

அதே 2025இன் தொடக்கத்தில் மெக்சிக்கோ வளைகுடாவை "அமெரிக்க வளைகுடா" என்று மாற்றப்போவதாக டிரம்ப் சொன்னபோது, மெக்சிக்கோ ஜனாதிபதி கிளவுடியா ஷெயின்பாம் 1607ஆம் ஆண்டு வரைபடம் ஒன்றைத் திரையில் காட்டி, "அப்படியானால் வட அமெரிக்காவை மெக்சிக்க அமெரிக்கா என்று கூப்பிடுவோமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தப் பகிடி விளங்க வேண்டுமானால் மெக்சிக்கோவும் வட அமெரிக்காவில் இருக்கிறது என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெக்சிக்கோ நாட்டவரைத் தென் அமெரிக்கர் என்று வாசித்தே பழகியவருக்கு அது எப்படி விளங்கும்?

"ஸ்பானியர்" என்பதையும் விட்டுவிடுங்கள். ஸ்பானியர் என்றால் ஸ்பெயின் நாட்டவர். ஸ்பானிய மொழி பேசுகிறவரெல்லாம் ஸ்பானியர் என்றால், ஆங்கிலம் பேசுகிற ஜமேக்காக்காரர் ஆங்கிலேயரா? அதிலும் பிறேசில்காரரை அந்தக் கூட்டத்தில் சேர்ப்பதை யாழ்ப்பாணத்தவர் செய்யவே கூடாது. பிறேசிலின் மொழி போர்த்துக்கேய மொழி, 1619 தொடக்கம் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்களின் மொழி. சந்தோஸில் நான் பாஷை தெரியாமல் தவித்தது முதல் நாள் மட்டும்தான். அவர்கள் சொல்கிற ஜனேலா எங்கள் யன்னல், கதேய்ரா எங்கள் கதிரை, சப்பாத்து அங்கேயும் கிட்டத்தட்டச் சப்பாத்து. சாவி, மேசை, அலுமாரி என்று வீட்டுக்குள் பாதிச் சாமானுக்குப் பெயர் கேட்டவுடன் பிடிபட்டது. பேக்கரியில் "பாண்" என்று நான் எங்கள் மாதிரியே சொல்ல, அந்த அம்மா சிரித்துக்கொண்டு இரண்டு எடுத்துத் தந்தார்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம். குவயாகிலில் வாழைப்பழம் ஏற்றுவதற்காக நின்ற நாட்களில் துறைமுகத் தொழிலாளர்கள் என்னை "இந்து" என்று கூப்பிட்டார்கள். என் கழுத்தில் செபமாலை. பாசையூர் அந்தோனியார் கோயில் திருவிழாவில் சுருவத்துக்குத் தோள் கொடுத்து வளர்ந்த ஆள் நான். "நான் கத்தோலிக்கன்" என்று மாலையைத் தூக்கிக் காட்டினேன். "சரி சரி, கத்தோலிக்க இந்து" என்றார்கள். பிறகு எங்கள் ஏஜெண்டின் ஆள் விளங்கப்படுத்தினார். அங்கே பேச்சுவழக்கில் இந்தியாப் பக்கத்து முகம் உள்ள எவரும் "இந்து"தான், சமயத்தைப் பற்றிய பேச்சே இல்லை. "இந்தியோ" என்ற சொல்லை அந்த மண்ணின் பழைய குடிகளுக்குக் கொலம்பஸ் காலத்திலேயே கொடுத்து முடித்துவிட்டார்கள். உண்மையான இந்தியர் போய்ச் சேர்ந்தபோது பெயர் மிஞ்சவில்லை, சமயத்தின் பெயரைத் தூக்கிக் கொடுத்தார்கள். இலங்கை என்று ஒரு தனி நாடு இருப்பதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு தேயிலைப் பெட்டி தேவைப்பட்டது. அங்கே இப்படித்தான், முகத்தைப் பார்த்துப் பெயர் வைப்பார்கள். பெருவின் ஜனாதிபதியாக இருந்த புஜிமோரியின் பெற்றோர் ஜப்பானியர், நாடு முழுக்க அவரைச் "சீனர்" என்றே கூப்பிட்டது.

அந்த "இந்தியோ" அங்கே பல இடங்களில் ஏச்சு. பெருவில் "இந்தியர் நாள்" என்று இருந்ததை 1969இல் "விவசாயிகள் நாள்" என்று மாற்றியதே அதனால்தான். அப்படிப்பட்ட ஒரு சொல்லை எடுத்து, மேலே நிறத்தையும் பூசி, "செவ்விந்தியர்" என்று நாங்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் இந்தியரும் இல்லை, சிவப்பும் இல்லை. வாஷிங்டனில் அவர்களுக்காக 2004இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்தின் பெயரில் "அமெரிக்க இந்தியர்" என்று இருக்கிறதே, அவர்களில் சிலர் தங்களையே அப்படிச் சொல்கிறார்களே என்று யாரும் கேட்கலாம். சரி, அது அவர்கள் ஆங்கிலத்தில் தங்களுக்கு வைத்துக்கொண்டது. தமிழ் வாசகனுக்கு "இந்தியர்" என்றால் பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்.

ஒவ்வொரு குடிக்கும் தனிப்பெயர் இருக்கிறது. சிலியில் மபுச்சே, பெருவிலும் பொலிவியாவிலும் கெச்சுவா, அய்மாரா, குவாதமாலாவில் மாயா. 1992இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரிகொபெர்த்தா மென்சூ மாயா வழியில் வந்த கிச்சே இனப் பெண். பொலிவியாவில் 2006இல் ஜனாதிபதியான ஏவோ மொராலெஸ் அய்மாரா இனத்தவர். இவர்களைச் "செவ்விந்தியர்" என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் தெரியவராது. கனடாவின் வடக்கில் பனிநாட்டில் இருப்பவர்கள் இனுயிட், அவர்களை "எஸ்கிமோ" என்பதும் இனி வேண்டாம். 2021இல் கனடாவின் ஆளுநர் நாயகமான மேரி சைமன் அந்த மக்களில் ஒருவர். பொதுப்பெயர் தேவை என்றால் "முதற்குடிகள்" என்று போடலாம், இல்லாவிட்டால் "பூர்வீகக் குடிகள்". ரொறன்ரோவில் எங்கள் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களில் காலையில் இந்த நிலம் எந்தக் குடிகளுடையது என்று பெயர் சொல்லி வாசிக்கிறார்கள். இங்கே விடுமுறைக்கு வருகிற அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் பேப்பரை எழுத்துக் கூட்டி வாசிக்கக் கொடுத்தால் "செவ்விந்தியர் என்றால் யார் தாத்தா?" என்று கேட்கிறார்கள். எங்கள் தோட்டத்துப் புகையிலையும் மிளகாயும் அந்த மக்கள் முதலில் பயிரிட்டவை. யாழ்ப்பாணத்தான் அவர்களுக்குக் கொஞ்சம் கடமைப்பட்டவன்.

கொலம்பஸ் வைத்த பெயர்களில் இன்னொன்று "மேற்கிந்தியர்". கிரிக்கெட் அணிக்கு மேற்கிந்தியத் தீவுகள் என்று பெயர் இருப்பதால் அணியைச் சொல்லும்போது தவிர்க்க முடியாது. ஆனால் அப்படி ஒரு நாடு இல்லை. 1975, 1979 உலகக் கிண்ணங்களை வென்ற அணித்தலைவர் கிளைவ் லொயிட் தீவிலேயே பிறந்தவர் இல்லை. அவர் கயானாக்காரர், தென் அமெரிக்கப் பெருநிலத்தைச் சேர்ந்தவர். சந்தர்போலும் அப்படித்தான். ரிச்சர்ட்ஸ் அன்ரிகுவா, லாரா ட்ரினிடாட், ஹோல்டிங் ஜமேக்கா. ஒருவரைத் தனியாக எழுதும்போது நாட்டை எழுதுங்கள். கயானாவுக்குப் பக்கத்தில் சுரினாம், அங்கே டச்சு மொழி. அதற்கும் அடுத்த பிரெஞ்சுக் கயானா தனி நாடே அல்ல, பிரான்சின் ஒரு பகுதி. மார்த்தினிக்கும் குவாதலூப்பும் அதே மாதிரி. 1850களில் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்தில் இருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழரின் சந்ததி இன்றைக்கும் அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிறது. பாரிஸில் இருக்கிற எங்கள் ஆட்கள் அவர்களைச் சந்தித்திருப்பார்கள். அவர்கள் கையில் இருப்பது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்களும் 1917 முதல் ஐக்கிய அமெரிக்கக் குடிமக்கள். அவர்கள் நியூயோர்க்கில் போய் இறங்கினால் "வெளிநாட்டவர்" என்று எழுதக்கூடாது.

இவ்வளவு நாட்டுக்கும் ஆங்கிலத்தைப் பார்த்து ஒவ்வொரு வால் ஒட்டுவதால்தான் இடைஞ்சல். பெருவியரா பெருவினரா, ஆர்ஜென்ரீனியரா ஆர்ஜென்ரீனரா என்று உங்கள் உதவி ஆசிரியர்கள் மண்டையை உடைக்க வேண்டியதில்லை. தமிழில் "நாட்டவர்" இருக்கிறது, எந்த நாட்டுக்கும் ஒட்டும். ஆங்கிலத்துக்கே இல்லாத வசதி அதில் இருக்கிறது. டொமினிக்கா என்ற சின்னத் தீவுக்கும், ஹெயிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் டொமினிக்கன் குடியரசுக்கும் ஆங்கிலத்தில் ஆட்பெயரை ஒரே எழுத்துக்களில்தான் எழுதுவார்கள். நாங்கள் "டொமினிக்கா நாட்டவர்", "டொமினிக்கன் குடியரசு நாட்டவர்" என்று எழுதினால் குழப்பம் இல்லை. "கனேடியர்", "பிறேசிலியர்" போல ஏற்கெனவே காதுக்குப் பழகியவை இருந்துவிட்டுப் போகட்டும்.

பேச்சில் எங்களுக்குக் "காரர்" போதும். "மெக்சிக்கோக்காரர்", "கியூபாக்காரர்" என்று உள்ளே ஒரு பேட்டியிலோ கட்டுரையிலோ வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. ஒரே ஒரு சொல்லில் மட்டும் கவனம் தேவை. "கனடாக்காரர் வந்திருக்கினம்" என்றால் ஊரில் எவரும் வெள்ளைக்காரரைத் தேட மாட்டார்கள். மூன்றாம் வீட்டுக் கதவு திறந்து, முற்றம் கூட்டி, வாசலில் வான் நிற்கும். எனவே ஒட்டாவாவில் இருந்து வருகிற அமைச்சரைக் "கனடாக்காரர்" என்று தலைப்பில் போட்டுவிடாதீர்கள், எந்த வீட்டுக்கு என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணம் விளையாட்டுப் பக்கம். 2026 உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தை ஐக்கிய அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. "அமெரிக்காவில் நடக்கும் உலகக் கிண்ணம்" என்று மட்டும் எழுதினால் மற்ற இரண்டும் காணாமல் போய்விடும். 48 அணிகள். பாசையூரிலும் குருநகரிலும் நாவாந்துறையிலும் ஆர்ஜென்ரீனா, பிறேசில் சட்டை போட்ட பெடியளுக்கு வீரர்களின் பெயர் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. பேப்பரில் பிழை வந்தால் உங்களுக்கு முன் அவர்கள் கண்டுபிடிப்பார்கள். ஹெயிட்டியும் பனாமாவும் இந்த முறை தகுதி பெற்றிருக்கின்றன. பனாமா நாட்டவரைப் பற்றி எனக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. பனாமாவில் பதிந்து, பின்புறத்தில் பனாமா என்று எழுதிய கப்பல்களில் பல காலம் வேலை செய்தும் கப்பலுக்குள் ஒரு பனாமாக்காரரையும் நான் கண்டதில்லை. "பனாமாத் தொப்பி"கூட எக்குவடோரில் பின்னுவதுதான், அதைச் சொன்னால் குவயாகில்காரருக்கு இன்னும் கோபம் வரும்.

குராசோவும் முதன்முறையாகத் தகுதி பெற்றிருக்கிறது. வெனிசுவேலாக் கரைக்கு எதிரே உள்ள சின்னத் தீவு, நெதர்லாந்து முடியரசின் கீழ் தன்னைத்தானே ஆளுகிறது, பேசுவது பப்பியமெந்து என்ற தங்கள் சொந்த மொழி. வீரர்களில் பலர் நெதர்லாந்தில் பிறந்தவர்கள் என்பதால் "டச்சு வீரர்கள்" என்று தலைப்புப் போட ஆசை வரும். தனி நாடு இல்லை என்பதால் "நாட்டவர்" என்பதும் இங்கே பொருந்தாது. "குராசோத் தீவினர்" என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சீமன் ஒருவர்,
பாசையூர், யாழ்ப்பாணம்.